புரட்டிப் பார்த்தால் தெரியும்!
மரச் செதுக்கு இயந்திரத்தின் செங்கோணத்தைச் சோதிப்பது எப்படி?

தச்சர் கட்டில் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? நான்கு சட்டங்களையும் பூட்டியதும் ஒரு கயிற்றை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துப் பிடிப்பார். பிறகு அதே கயிற்றை மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால் ஆப்பை இறுக்குவார். ஒத்துவராவிட்டால், நீண்டிருக்கும் மூலையில் கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் கயிற்றைப் பிடிப்பார்.

அவரிடம் மூலமட்டம் இருக்கிறது. 90 பாகையைக் காட்டுவதற்கென்றே செய்த கருவி அது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் ஏன் கயிற்றை நாடுகிறார்? இந்தச் சிறிய கேள்வியின் விடை, கட்டிலுக்கு மட்டுமல்ல, இன்று கணிப்பொறியின் கட்டளைப்படி கதவு செதுக்கும் பெரிய இயந்திரத்துக்கும் பயன்படுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

எண்ணைக் கேட்டுச் செதுக்கும் இயந்திரம்

மரத்தை இயந்திரத்தால் செதுக்குவது புதிதல்ல. இங்கிலாந்தில் தாமஸ் பிரவுன் ஜோர்டன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே ஒரு செதுக்கு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தைப் புதிதாகக் கட்டியபோது, அதன் மர வேலைப்பாடுகளுக்கு அந்த இயந்திரம் பயன்பட்டது. முன்னால் வைத்த மாதிரி உருவத்தைத் தடவிச் சென்று, அதே உருவத்தை மரத்தில் வெட்டுவது அதன் வேலை. பின்னர் 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மாதிரி உருவம் இல்லாமல் எண்களை மட்டும் பெற்று உலோகத்தை வெட்டும் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். இன்று மரப்பட்டறைகளில் 'சி.என்.சி.' என்று அழைக்கப்படும் இயந்திரம் அதன் வழியில் வந்ததுதான்.

அதன் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். தட்டையான ஒரு பெரிய மேசை. அதன் மேல்தான் பலகையைப் பிணைப்பார்கள். மேசையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நீளவாக்கில் இரண்டு தண்டவாளங்கள். அவற்றின் மேல் குறுக்கே ஒரு பாலம். பாலம் தண்டவாளங்களில் முன்னும் பின்னும் ஓடும். பாலத்தின் மேல் இடமும் வலமும் ஓடும் ஒரு தலை. அந்தத் தலையில் மேலும் கீழும் இறங்கும் சுழல்தண்டு. அதன் நுனியில் வெட்டுமுனை. பட்டறையில் இதை 'பிட்' என்பார்கள். ஆக மூன்று இயக்கங்கள்: நீளவாக்கு, குறுக்குவாக்கு, செங்குத்து. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருந்தால்தான் கணிப்பொறியில் வரைந்த செவ்வகம் பலகையிலும் செவ்வகமாக வரும்.

பாலம் அகலமாக இருப்பதால், பல இயந்திரங்களில் அதன் இரு முனைகளையும் தள்ள இரண்டு மோட்டார்களும் இரண்டு திருகுதண்டுகளும் இருக்கும். சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் 'ஸ்டெப்பர்' மோட்டார்கள்தான். இவ்வகை மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் என்று படிப்படியாகச் சுழலும். ஒரு சுற்றுக்குத் திருகுதண்டு பாலத்தை 5 மி.மீ. தள்ளும் என்றால், ஒரு படிக்கு 5/200 = 0.025 மி.மீ. எவ்வளவு நுட்பம் பாருங்கள்!

ஆனால் இங்கே ஒரு குறையும் இருக்கிறது. கணிப்பொறி 'நூறு படி போ' என்று சொல்லும். மோட்டார் உண்மையில் போயிற்றா என்று திரும்பிப் பார்க்காது. வெட்டுமுனை பலகைப் பிடிப்பானில் மோதி, வலப்பக்க மோட்டார் மட்டும் 80 படிகளைத் தவறவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலமுனை 2 மி.மீ. பின்தங்கிவிடும். பாலம் கோணலாக நிற்கும். திரையில் தெரியும் எண்களோ முன்போலவே சரியாக இருக்கும்! இந்த இயந்திரம் எண்ணும், பார்க்காது. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

சிறு கோணம், பெரிய இழப்பு

பாலம் எவ்வளவு கோணலானால் தொல்லை? 0.1 பாகை என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் கோணமானியில் ஒரு பாகைக் கோட்டைப் பத்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு பாகை என்பது சுமார் 0.01745 ரேடியன். ஆகவே 0.1 பாகை 0.001745 ரேடியன். சிறு கோணங்களுக்கு, கோணத்தை ரேடியனில் எடுத்து நீளத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். 2,100 மி.மீ. உயரமுள்ள கதவில் விலகல் 2,100 × 0.001745 = 3.7 மி.மீ.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே தச்சர் விடும் இடைவெளியே ஏறத்தாழ 3 மி.மீ.தான். எனவே கதவு ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் இளிக்கும். அதை இழைப்புளியால் சீவிச் சரிசெய்யலாம் என்பீர்கள். ஓரத்தைச் சீவலாம், நடுவில் செதுக்கிய கொடியையும் பூவையும் சீவ முடியுமா? விளிம்பு நேராகும், வேலைப்பாடு சாய்ந்தே நிற்கும்.

இரட்டைக் கதவில் நிலைமை இன்னும் மோசம். இடக்கதவின் பூவேலையும் வலக்கதவின் பூவேலையும் நடுவில் ஒன்று சேரவேண்டும். கோணல் இயந்திரம் இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடும். இடக்கதவில் கொடி நடுவை நோக்கி மேலேறும். வலக்கதவில் நடுவிலிருந்து விலகி மேலேறும். ஒவ்வொரு கதவும் 600 மி.மீ. அகலம் என்றால், நடுவில் சந்திக்க வேண்டிய கொடி 600 × 0.001745 = 1 மி.மீ.க்குச் சற்று அதிகமாகப் படி விழுந்து நிற்கும். நுணுக்கமான வேலைப்பாட்டில் இந்த ஒரு மில்லிமீட்டர் வாசலில் நின்று பார்ப்பவர் கண்ணில் படும்.

உளி கொண்டு செதுக்கும் சிற்பி ஒவ்வொரு கோட்டையும் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவார். இயந்திரம் தவறைச் சிறிதும் தயங்காமல் கடைசி இதழ்வரை செதுக்கி முடித்துவிடும். தேக்கு விற்கும் விலையில், ஒரு பலகை வீணானால் சிறு பட்டறைக்காரருக்கு அந்த வேலையின் கூலியே போய்விடும். செதுக்கிய தேக்கை மீண்டும் பலகையாக்க முடியாது. ஆகவே சோதனையை முதலில் செய்யவேண்டும். அதையும் விலை குறைந்த பலகையில் செய்யவேண்டும்.

மூலமட்டம் போதாதா?

மூலமட்டத்தை வைத்துப் பார்த்தால் என்ன? இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை, அதன் சிறுமை. மூலமட்டத்தின் கை 150 மி.மீ. நீளம் என்றால், 0.1 பாகைக் கோணல் அதன் நுனியில் 150 × 0.001745 = 0.26 மி.மீ. இடைவெளியாகத்தான் தெரியும். நோட்டுப் புத்தகத் தாள்கள் இரண்டு மூன்றின் கனம்தான் அது. கதவில் 3.7 மி.மீ. ஆகப்போகும் பிழை, மூலமட்டத்தில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது. மூலமட்டம் சரியானது என்று யார் சொன்னது? அது ஒருமுறை கீழே விழுந்திருக்கலாம். அதைச் சோதிக்க இன்னொரு மூலமட்டம் வேண்டும்; அதைச் சோதிக்க மற்றொன்று. இதற்கு முடிவே இல்லை.

ஆனால் தச்சர்களுக்கு ஓர் எளிய வழி தெரியும். நேரான விளிம்புள்ள பலகையில் மூலமட்டத்தின் கட்டையைச் சேர்த்து வைத்து, அதன் தகட்டை ஒட்டிக் கூரான பென்சிலால் ஒரு கோடு வரையுங்கள். இப்போது மூலமட்டத்தைப் புரட்டி, கட்டை அதே விளிம்பில் படியும்படி வையுங்கள். தகடு முதல் கோட்டின் அடிப்புள்ளியைத் தொடட்டும். இன்னொரு கோடு வரையுங்கள். மூலமட்டம் சரியாக இருந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். அது 90.1 பாகையாக இருந்தால் முதல் கோடு ஒரு பக்கம் 0.1 பாகை சாயும். இரண்டாவது கோடு எதிர்ப்பக்கம் 0.1 பாகை சாயும். இரண்டுக்கும் இடையே 0.2 பாகை இருக்கும்.

என்ன நடந்தது என்று கவனித்தீர்களா? வேறு எந்தச் சரியான கருவியும் இல்லாமல், மூலமட்டத்தை அதன் கண்ணாடி பிம்பத்தோடு ஒப்பிட்டோம். அதன் பிழை மறையவில்லை. இரட்டிப்பாகி வெளியே வந்தது. செங்கோணத்தின் சிறப்பே இதுதான். நேர்கோட்டைச் சமமாக இரண்டாகப் பிரிக்கும் கோணம் அது. எனவே புரட்டினாலும் மாறாது. வேறு எந்தக் கோணமும் இப்படி நடந்துகொள்ளாது.

மூலைவிட்டம்: செவ்வகத்தைப் புரட்டும் வழி

இதே கருத்தை முழு இயந்திரத்துக்கும் கொண்டுபோவோம். இயந்திரத்தைத் தூக்கிப் புரட்ட முடியாது. ஆனால் அது போட்ட செவ்வகத்தின் ஒரு மூலைவிட்டத்துக்கு மற்ற மூலைவிட்டம் கண்ணாடி பிம்பம் அல்லவா? இரண்டையும் ஒப்பிட்டால் போதும். கட்டில் செய்தவர் கயிற்றால் செய்ததும் இதையேதான்.

மேசையில் பழைய ஒட்டுப்பலகை ஒன்றைப் பிணைத்து, 1,000 மி.மீ.க்கு 1,000 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் சிறு துளைகள் இடுமாறு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுங்கள். நீங்கள் மேசையின் முன்பக்கம் நிற்கிறீர்கள். முன் இடப்பக்கத் துளை க. முன் வலம் ச. பின் வலம் ட. பின் இடம் த. ஒரு தாளில் இதை வரைந்துகொண்டு மேலே படியுங்கள்.

பாலத்தின் வலமுனை முந்திக்கொண்டிருந்தால், வலப்பக்கத் துளைகளான ச-வும் ட-வும் தாம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து சற்றுப் பின்பக்கம் தள்ளி விழும். அந்த விலகலை வி என்போம். நீளவாக்கு அளவு நீ. குறுக்கு அளவு அ. இப்போது பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள்:

கட² = (நீ + வி)² + அ²
சத² = (நீ − வி)² + அ²

(பாலம் சாய்வதால் குறுக்கு அளவு மயிரிழை குறையும். ஆனால் இரண்டு சமன்பாடுகளிலும் அது ஒரே அளவாகக் குறைவதால் கவலையில்லை.) ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அ² அடிபட்டுப் போகும்:

கட² − சத² = 4 × நீ × வி

ஆகவே, வி = (கட² − சத²) ÷ (4 × நீ).

ஓர் எடுத்துக்காட்டு. அளந்தபோது கட = 1,415.6 மி.மீ., சத = 1,412.8 மி.மீ. என்று வந்தது. இருபடிகளின் வேறுபாட்டை எளிதில் காண, கூட்டலையும் கழித்தலையும் பெருக்குங்கள்: 2,828.4 × 2.8 = 7,919.5. இதை 4,000-ஆல் வகுத்தால் வி = 1.98 மி.மீ. அதாவது ஒரு மீட்டர் அகலத்தில் கிட்டத்தட்ட 2 மி.மீ. கோணல். கோணம் 0.002 ரேடியன், பாகையில் சொன்னால் 0.11. கண்ணுக்குத் தெரியாத கோணல் 2.8 மி.மீ. வேறுபாடாக நாடாவில் தெரிந்துவிட்டது!

3, 4, 5 ஏன் வேண்டாம்?

'3, 4, 5 முறை இருக்கிறதே!' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கொத்தனார் வீட்டுக்கு மூலை எடுக்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, கர்ணம் 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். கட்டடத்துக்கு அது நல்ல முறை. ஆனால் அதில் மூன்று அளவுகளும் உண்மையாக இருக்கவேண்டும்.

இயந்திரம் செங்கோணமாகவே இருக்கிறது. ஆனால் குறுக்குவாக்கில் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600-க்கு 800 என்று கட்டளை கொடுத்தால் குறுக்கு அளவு 800.8 மி.மீ. ஆகும். கர்ணம் 1,000 வரவேண்டிய இடத்தில் 1,000.64 வரும். 'கோணம் தவறு' என்று முடிவுகட்டி, சரியாக இருக்கும் பாலத்தைக் கோணலாக்கிவிடுவீர்கள்! இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்திருந்தால் இரண்டுமே 1,000.64 என்று காட்டியிருக்கும். செங்கோணத்தில் குறையில்லை, நீள அளவில்தான் குறை என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்.

இந்த முறையின் வலிமை இதில்தான் இருக்கிறது. 'எவ்வளவு?' என்று அது கேட்பதில்லை; 'இரண்டும் சமமா?' என்றுதான் கேட்கிறது. நாடாவின் கொக்கி தேய்ந்திருந்தால் அந்தப் பிழை இரு அளவுகளிலும் ஒன்றுபோல் சேரும், கழிக்கும்போது போய்விடும். வெயிலில் நாடா நீண்டிருந்தாலும் அப்படியே. எஃகு, ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஒரு மில்லியன் பங்குக்குச் சுமார் 12 பங்கு நீளும். 10 பாகை சூடேறினால் 1,414 மி.மீ. நீளத்தில் 0.17 மி.மீ. மாற்றம். இரண்டு மூலைவிட்டங்களையும் அடுத்தடுத்து அளந்தால் இதுவும் தீங்கு செய்யாது. மேல்வகுப்பில் வீட்ஸ்டன் சமனச் சுற்றைப் படிப்பீர்கள். அங்கும் கால்வனாமீட்டர் முள் எவ்வளவு விலகியது என்பதைவிட, முள் சுழியில் நிற்கிறதா என்பதே கேள்வி. அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்த முறைதான்.

சமமா என்று மட்டும் கேட்பதானால் அளவுகோலே வேண்டியதில்லை. நீளமான ஒரு ரீப்பர் கட்டையை எடுங்கள். ஒரு முனையில் ஓர் ஆணி அடித்து அதன் கூர் நுனியைத் துளை க-வின் நடுவில் வையுங்கள். மறுமுனையில், துளை ட-வின் நடுவில் சரியாக இறங்கும்படி இன்னொரு ஆணி அடியுங்கள். பிறகு கட்டையை எடுத்துச் ச-விலும் த-விலும் வைத்துப் பாருங்கள். ஆணி துளையின் நடுவில் இறங்காமல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதுவே மூலைவிட்டங்களின் வேறுபாடு. ஆயிரத்து நானூறு சில்லறை மில்லிமீட்டரை இருமுறை அளந்து கழிப்பதைவிட, இரண்டு மூன்று மில்லிமீட்டரை நேரடியாக ஒருமுறை அளப்பது எளிது, பிழையும் குறைவு.

அளக்கும்போது மூன்று செய்திகளை மறக்கவேண்டாம்.

1. செவ்வகம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாடாவை 0.5 மி.மீ. வரைதான் படிக்க முடியும் என்றால், 1,000 மி.மீ. சதுரத்தில் வி-யின் ஐயம் மீட்டருக்கு 0.35 மி.மீ. இதையே 200 மி.மீ. சதுரத்தில் செய்தால் ஐயம் மீட்டருக்கு 1.8 மி.மீ. ஆகிவிடும்.

2. நான்கு துளைகளுக்கும் வெட்டுமுனை ஒரே திசையிலிருந்து வந்து சேரவேண்டும். திருகுக்கும் மரைக்கும் நடுவே சிறிது ஆட்டம் இருக்கும். ஒரு துளைக்கு இடமிருந்தும் மற்றொன்றுக்கு வலமிருந்தும் வந்தால் அந்த ஆட்டம் அளவில் கலந்துவிடும்.

3. சோதனைக்கு ஒட்டுப்பலகையே ஏற்றது. சாதாரண மரப்பலகை ஈரக்காற்றில் குறுக்குவாக்கில் ஊதும். நீளவாக்கில் அவ்வளவாக ஊதாது. ஒட்டுப்பலகையில் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எந்த முனையை, எவ்வளவு?

இப்போது திருத்தம். நம் எடுத்துக்காட்டில் கட நீண்டிருந்தது. அதாவது முன் இடத்திலிருந்து பின் வலம் செல்லும் மூலைவிட்டம் நீளம். இதன் பொருள், பாலத்தின் வலமுனை முந்தியிருக்கிறது. வலமுனையை முன்பக்கம் இழுக்கவேண்டும். அல்லது இடமுனையைப் பின்பக்கம் தள்ளவேண்டும். சத நீண்டிருந்தால் இதற்கு நேர்மாறு.

எவ்வளவு? 1,000 மி.மீ. அகலத்தில் 1.98 மி.மீ. விலகல். ஆனால் இரு திருகுதண்டுகளும் 1,300 மி.மீ. தள்ளி இருக்கின்றன என்று கொள்வோம். ஒரே கோணம், அதிக அகலம். எனவே விகிதப்படி 1.98 × 1,300 ÷ 1,000 = 2.57 மி.மீ. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் திருகுதண்டில் இது அரைச்சுற்றுக்குச் சற்று அதிகம்.

மின்சாரத்தை நிறுத்தி, செருகியையும் பிடுங்கிய பிறகு ஒரு பக்கத் திருகுதண்டை மோட்டாரோடு இணைக்கும் இணைப்பானைத் தளர்த்தி, அந்தத் தண்டை மட்டும் அவ்வளவு சுற்றி மறுபடி இறுக்கவேண்டும். சில இயந்திரங்களில் பாலம் தொடக்க இடத்துக்கு வந்ததும் இருபக்கமும் தனித்தனி நிறுத்திகளைத் தொட்டு நிற்கும். அவற்றில் ஒரு நிறுத்தியை 2.57 மி.மீ. நகர்த்தினால் போதும், ஒவ்வொரு நாளும் பாலம் தானாகவே நேராகிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. பாலத்தை வலிந்து வளைத்து நேராக்கக் கூடாது. தண்டவாளத்தின் மேல் அது அமர்ந்திருக்கும் இடத்தில் மரையாணிகள் கோணலாக இறுக்கப்பட்டிருந்தால், மோட்டார் ஒரு பக்கம் இழுக்க, சட்டம் வில்லைப்போல் மறுபக்கம் இழுக்கும். மின்சாரம் நின்றதும் பாலம் பழைய கோணலுக்கே துள்ளித் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் முதலில் அந்த மரையாணிகளைத் தளர்த்தி, பாலத்தை நேராக்கி, பிறகு இறுக்கவேண்டும்.

திருத்தியபின் புதிதாக நான்கு துளைகள் இட்டு மீண்டும் அளக்கவேண்டும். முதல் திருத்தம் பத்தில் ஒரு பங்கு தவறியிருந்தாலும் 2.8 மி.மீ. வேறுபாடு 0.3-க்கு வந்துவிடும், அடுத்த முறை 0.03. இரண்டு மூன்று சுற்றுகளில் நாம் அளக்கக்கூடிய எல்லைக்கே வந்துவிடுவோம். மேசையின் முன்பாதியிலும் பின்பாதியிலும் தனித்தனியே சோதித்துப் பாருங்கள். இரண்டிலும் வெவ்வேறு விடை வந்தால் குறை பாலத்தில் மட்டும் இல்லை. தண்டவாளங்களே நேராகவோ இணையாகவோ இல்லை என்று பொருள்.

மூன்றாவது செங்கோணம்

பாலம் நேரானால் போதாது. சுழல்தண்டு மேசைக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். அது சாய்ந்திருந்தால் அகலமான வெட்டுமுனையின் ஒரு விளிம்பு ஆழமாகவும் மறு விளிம்பு மேலாகவும் வெட்டும். பலகையைச் சமப்படுத்தும்போது, உழுத வயல்போல வரிவரியாகப் படிகள் விழும். 25 மி.மீ. அகல வெட்டுமுனை 0.002 ரேடியன் சாய்ந்திருந்தால் படியின் உயரம் 25 × 0.002 = 0.05 மி.மீ. கண்ணுக்கு அரிதாகத்தான் தெரியும். விரலால் தடவினால் தட்டுப்படும். வார்னிஷ் பூசினாலோ வரிகள் பளிச்சென்று தெரியும்.

இதைச் சோதிக்கவும் மூலமட்டம் வேண்டாம். தடித்த கம்பி ஒன்றை வளைத்து, வெட்டுமுனை இருந்த இடத்தில் பொருத்துங்கள். கம்பி பக்கவாட்டில் 100 மி.மீ. நீண்டு, அதன் நுனி கீழ்நோக்கி மேசையை நெருங்கி நிற்கட்டும். சுழல்தண்டைக் கையால் மெல்லச் சுற்றினால் அந்த நுனி 200 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தில் செல்லும். முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் நுனிக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியில் எத்தனை தாள்கள் நுழைகின்றன என்று எண்ணுங்கள். நல்ல எழுதுதாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மி.மீ. இடப்பக்கம் 2 தாள், வலப்பக்கம் 6 தாள் என்றால் வேறுபாடு 0.4 மி.மீ.; சாய்வு 0.4 ÷ 200 = 0.002 ரேடியன்.

கம்பி கோணல்மாணலாக வளைந்திருந்தால்? கவலை வேண்டாம். இடப்பக்கம் நின்ற அதே நுனிதான் அரைச்சுற்றுக்குப் பின் வலப்பக்கம் வந்து நிற்கிறது. மீண்டும் அதே தத்துவம்! ஒரு பொருளை அதன் எதிர்நிலையோடு ஒப்பிட்டால், பொருளின் சொந்தக் குறை மறைந்து, நாம் தேடும் குறை மட்டும் இரட்டிப்பாகத் தெரிகிறது.

திருத்தம் எளிது. சுழல்தண்டைத் தாங்கும் தகட்டின் மரையாணிகள் 100 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஒரு பக்கத்து ஆணியின் அடியில் 100 × 0.002 = 0.2 மி.மீ. கனமுள்ள பித்தளைத் தகட்டைக் கொடுத்து இறுக்கவேண்டும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் பாலம், அடுத்துச் சுழல்தண்டு, கடைசியாகத்தான் மேசைப் பலகையைச் சீவிச் சமப்படுத்துவது. சிலர் அவசரப்பட்டு மேசையை முதலில் சீவிவிடுவார்கள். சாய்ந்த சுழல்தண்டு மேசையிலும் அதே படிகளைத்தான் வெட்டும். மேசையைச் சீவுவதால் சுழல்தண்டின் சாய்வு ஒருபோதும் நீங்காது.

கடைசிச் சாட்சி

எல்லாம் முடிந்தபின், எந்த அளவும் எடுக்காமல் ஒரு சோதனை செய்யலாம். ஒட்டுப்பலகையில் ஒரு செவ்வகத் துண்டை வெட்டி எடுங்கள். துண்டு வெளியே வரும். பலகையில் அதே வடிவத்தில் ஒரு திறப்பு இருக்கும். துண்டைத் தரையில் வைத்தபடியே அரைவட்டம் சுழற்றித் திறப்பில் வையுங்கள், பொருந்தும். மகிழ்ந்துவிடாதீர்கள்! கோணலான இணைகரமும் அரைவட்டம் சுழற்றினால் தன் இடத்திலேயே பொருந்தும். இப்போது துண்டை அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி வையுங்கள். அது உண்மையான செவ்வகமாக இருந்தால் இப்போதும் அப்படியே அமரும். இணைகரமாக இருந்தால் எதிரெதிரான இரண்டு மூலைகளில் இடிக்கும். மற்ற இரண்டில் இடைவெளி காட்டும். சுழற்சிச் சமச்சீர் இரண்டுக்கும் உண்டு. பிம்பச் சமச்சீர் செவ்வகத்துக்கு மட்டுமே உண்டு. வடிவியலில் நீங்கள் படிக்கும் இந்த வேறுபாடுதான் ஒரு தேக்குப் பலகை பிழைப்பதையும் வீணாவதையும் முடிவு செய்கிறது.

கட்டில் செய்தவர் மூலமட்டத்தை ஏன் ஒதுக்கினார் என்பது இப்போது புரிந்திருக்கும். 90 பாகையை அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கட்டிலையே கட்டிலுக்குச் சாட்சியாக்கினார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வடிவியல் பெட்டியில் இருக்கும் மூலைமட்டத்தை ஓர் அளவுகோலின் விளிம்பில் வைத்துக் கோடு வரைந்து, புரட்டி மறுபடி வரையுங்கள். 100 மி.மீ. உயரத்தில் இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகுகின்றன? அதில் பாதிதான் மூலைமட்டத்தின் பிழை.

2. வீட்டுக் கதவு நிலை, கரும்பலகை, வகுப்பறை மேசை ஆகியவற்றின் மூலைவிட்டங்களை ஒரு நூலால் ஒப்பிடுங்கள். வேறுபாட்டை அளந்து, வி-யைக் கணக்கிடுங்கள்.

3. பட்டறைக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால், இயந்திரத்தை நீங்களாகத் தொடவேண்டாம். உரிமையாளரின் அனுமதியோடு அவர் செய்யும்போது கண்ணாடி அணிந்து தள்ளி நின்று பாருங்கள். அளக்கும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

சிந்தியுங்கள்

அ. நீளவாக்கில் 1,600 மி.மீ., குறுக்கே 1,200 மி.மீ. செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் 2,001 மி.மீ., 1,999 மி.மீ. எனில், வி எவ்வளவு?

ஆ. ஒரு நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பது மட்டும் தெரிந்தால், அது செவ்வகம் என்று சொல்லிவிடலாமா?

விடைகள்: அ. (4,000 × 2) ÷ (4 × 1,600) = 1.25 மி.மீ. ஆ. முடியாது. இரு சாய்பக்கங்களும் சமமான சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமம். எதிர்ப்பக்கங்கள் சமமா என்பதையும் அளந்துகொள்ளவேண்டும்.